பதினேழாம் உருண்டை

மரக்காணம்,
10.3.2006

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா எழுதுவது.

இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். நீயும் விசாகப்பட்டினத்து விடுதிச் சோற்றைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று அம்மா கேட்டாள். சுற்றிலும் நாலு பெண்கள் வரிசையில் நிற்கும்போது விடுதிப் போனில் விசாரணையைப் பற்றி எப்படிப் பேசுவாள் என்று நான் சொன்னேன். எனக்கும் போன் ஒத்துவராது. கையில் எடுத்தால் ‘சாப்பிட்டியா’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. கடலடியில் நீங்கள் இறக்கி வைத்த இருபது கருவி உருண்டைகளில் பதினேழாம் நம்பர் மட்டும் திரும்பி வரவில்லை. பிப்ரவரி பதினாலாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அது தன் இரும்பு நங்கூரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மேலே கிளம்ப வேண்டும். கப்பல் நாலரை மணி வரை நின்று பார்த்தது. வரவில்லை. அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கப்பலை எடுத்துவிட்டார்கள். கிளம்பும் நேரத்தை உருண்டைக்குள் பதிந்தவள் நீ. நங்கூரத்தைக் கட்டியவர் பலராமன். ஆகவே இரண்டு பேரில் ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும் என்று ஆபீசில் சொல்கிறார்கள். நீ சரியாகத்தான் பதிந்தாய், பதிவேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறாய். இந்த மாதக் கடைசியில் உங்கள் இருவருக்குமே கான்ட்ராக்ட் முடிகிறது. தவறு யார் தலையில் விழுகிறதோ அவருக்குப் புதுப்பிக்க மாட்டார்கள்.

இவ்வளவுதானே? இதற்குப் போய் நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். சாப்பிடாமல் இருந்தால் உருண்டை வந்துவிடுமா?

பொங்கலுக்கு வந்தபோது நீ அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கியது நினைவிருக்கிறது. அவள் தலையை ஆட்டிக்கொண்டே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள், நான்தான் கேட்டேன். கரையிலிருந்து இருநூறு கடல் மைல் வரை நமக்கு உரிமை. அதற்கு அப்பாலும் நம் நிலம் கடலுக்கடியில் தொடர்ந்து போகிறது என்று நிரூபித்தால் அந்தத் தரையையும் கேட்கலாம். கண்டத்திட்டு என்று அதற்குப் பெயர் சொன்னாய். நம் வங்காள விரிகுடாவின் அடியில் கிடப்பது இமயமலையிலிருந்து கங்கை அடித்துக்கொண்டு வந்த சேறு. அந்தச் சேறு ஒரு கிலோமீட்டர் கனத்துக்குக் குறையாமல் எதுவரை போகிறதோ அதுவரை நாம் கேட்கலாம். 2009க்குள் ஐ.நா. சபையில் ஆதாரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கப்பல் தண்ணீருக்குள் சத்தம் போடும், அந்தச் சத்தம் சேற்றுக்குள் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று உருண்டை அடியில் உட்கார்ந்து கேட்டுப் பதிந்துகொள்ளும், அதை வைத்துக் கனத்தைக் கணக்குப் போடுவீர்கள். சரிதானா?

எனக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. சுனாமித் தண்ணீர் வடிந்த பிறகு நம் உப்புப் பாத்திக்கும் பஞ்சநாதன் பாத்திக்கும் நடுவில் இருந்த வரப்பைக் காணோம். சாண் உயரத்துக்குச் சேறு. வரப்பு இங்கே இருந்தது என்று அவர் நின்றார், அங்கே இருந்தது என்று நான் நின்றேன். உப்பு இலாகா சர்வேயர் வந்து படத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் நாங்களே மம்மட்டி எடுத்துத் தோண்டினோம். பாத்தித் தரை வருஷக்கணக்காக மிதித்து மிதித்துக் கெட்டிப்பட்டது, மம்மட்டி பட்டால் சத்தம் வரும். வரப்பு இருந்த இடம் பொதபொதவென்று உள்ளே இறங்கும். அதை வைத்து வரப்பின் அடியைக் கண்டுபிடித்துவிட்டோம். என் கணக்கு இரண்டடி தப்பு. பஞ்சநாதன் அதை இன்றுவரை கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஐ.நா. சபைக்கு மம்மட்டி எட்டாது, அதனால் உருண்டை வேண்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பாத்தியில் உப்பு வாருகிற அந்தோணியம்மாளை உனக்குத் தெரியும். அவள் மகள் சகாயசெல்வியை அனுமந்தையில் மீன்பிடிக்கிறவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். நேற்று உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டே அந்தோணியம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். மகள் வீட்டில் மாதா சொரூபத்துக்குக் கண்ணாடி வீடு கிடைத்திருக்கிறதாம். கடலே கொண்டுவந்து கொடுத்ததாம். பெரிய கிண்ணம் மாதிரி, விரல் கனத்துக்குக் கண்ணாடியாம். நான் அதன் வெளிக்கூடு என்ன நிறம் என்று கேட்டேன். ‘ஆரஞ்சுங்க, தர்பூசணி சைசு இல்ல, அதவிடப் பெருசுங்க’ என்றாள்.

நாளை காலையில் அனுமந்தைக்குப் போகிறேன். நான் பார்த்துவிட்டு எழுதும் வரை ஆபீசில் யாரிடமும் மூச்சுவிடாதே. அது வேறு எந்த நாட்டு உருண்டையாகவாவது இருந்து தொலைத்தால் நமக்குத்தான் அவமானம்.

முதலில் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

மரக்காணம்,
24.3.2006

அன்புள்ள பூவிழிக்கு,

தந்தி கொடுத்தது நான்தான். தபால் ஆபீசில் இருந்த பெண், தந்தியெல்லாம் இப்போது யாரும் கொடுப்பதில்லையே, யாராவது தவறிவிட்டார்களா என்று துக்கமாக விசாரித்தாள். உருண்டை கிடைத்தது என்று எழுதிக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

உருண்டையை வைத்துக் கட்டிய பெட்டி இன்று காலை பாண்டிச்சேரியிலிருந்து லாரியில் கிளம்பிவிட்டது. நாலைந்து நாளில் வந்து சேரும். அதைத் திறந்தால் உன் மேலதிகாரிகள் திட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் அது அந்தக் கதிக்கு எப்படி வந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அய்யனார் என்பவன் படகு. படகு அவனுடையது என்று சொல்ல முடியாது. சுனாமிக்குப் பிறகு நிவாரணக்காரர்கள் நாலு பேருக்கு ஒன்று என்று கொடுத்த ஃபைபர் படகு. அய்யனார், மணிவண்ணன், தமிழ்வேந்தன், சகாயசெல்வியின் வீட்டுக்காரர் என்று நாலு பேர் அதில் கூட்டு. மார்ச் ஐந்தாம் தேதி வலை இழுத்துவிட்டுத் திரும்பும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மிதந்ததாம். கொடிக்கம்பு சாய்ந்திருந்ததாம். தூக்கிப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்கள்.

கடலில் மிதந்து கிடைத்தது எதுவானாலும் படகில் இருந்த அத்தனை பேருக்கும் சம பங்கு. அங்கே அதுதான் வழக்கம், மரக்கட்டையானாலும் சரி, மிதவையானாலும் சரி. ஆகவே பங்கு போட்டார்கள். சுற்றியிருந்த டேப்பை உரித்து, ஓரத்தில் இருந்த சின்ன மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடி தானாகவே இரண்டாகப் பிரிந்ததாம். மணலில் நாலு கூறு வைத்தார்கள். ஆரஞ்சு மூடி ஒன்று, மேல் கண்ணாடி ஒன்று, கீழ்க் கண்ணாடி ஒன்று, உள்ளே இருந்த கறுப்புப் பெட்டியும் வயரும் ஒன்று. ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, இது யாருக்கு என்று கேட்கக் கேட்கப் பெயர் சொன்னார். இந்திய அரசாங்கத்தின் கருவியை இதைவிட நியாயமாக யாரும் பிரித்திருக்க முடியாது.

நான் போனபோது ஊர்ப் பஞ்சாயத்தார் கோயிலடியில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தொலைந்துபோன வலையானாலும் உடையவன் வந்து அடையாளம் சொன்னால் கொடுத்துவிடுவோம், உங்களுக்கும் அதே சட்டம்தான், அடையாளம் சொல்லுங்கள் என்றார்கள். அன்று காலை உன் கடிதத்தைச் சட்டைப் பையில் எடுத்துப் போனது எவ்வளவு நல்லதாயிற்று. ஆரஞ்சு மூடியின் மேல் பக்கத்தில் பதினேழு என்று இங்கிலீஷ் எண்ணில் எழுதியிருக்கும், பெயின்ட் தீர்ந்துபோய்ப் பெண்கள் நகத்துக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் எழுதியது என்றேன். அங்கிருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அப்படி ஒரு நம்பரும் இல்லை என்று அய்யனார் அடித்துப் பேசினான்.

அவன் வீட்டுக்கே போனோம். ஆரஞ்சு மூடிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மேலே காக்காய் எச்சம். அய்யனாரின் மனைவி தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். பதினேழு தெரிந்தது. அய்யனார் தலையைச் சொறிந்துகொண்டு, ‘அடை வச்சிருக்குதுங்க, இன்னும் ரெண்டு வாரத்துல குஞ்சு பொரிச்சிடும், அதுவரைக்கும் விடுங்க’ என்றான். தேசத்தின் எல்லை ஒரு கோழிக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் நம் வீட்டு மூங்கில் கூடையைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். உன் அம்மா இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சகாயசெல்வி கேட்டதும் கொடுத்துவிட்டாள். மாதாவை எடுத்து மறுபடி பழைய இடத்தில் வைத்துவிட்டு, கண்ணாடியை முந்தானையால் துடைத்துக் கையில் தந்தாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார்.

தமிழ்வேந்தன் தன் கண்ணாடியைக் கூனிமேட்டில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் சிநேகிதருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தான். அங்கே போனால் அதில் தயிர் வெங்காயம் நிறைந்திருக்கிறது. பாய் நல்ல மனுஷர். வெங்காயத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ‘லே ஜாவ் சாப், கொண்டு போங்க, ஆனா இந்த மாதிரி பாத்திரம் எனக்கு இனிமே கிடைக்காது’ என்று வருத்தப்பட்டார். எனக்கு பிரியாணியும் போட்டார். கண்ணாடியை மூன்று முறை சீயக்காய் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை, ஆபீசில் சொல்லிவிடு.

கறுப்புப் பெட்டிதான் என் கவலை. அது மணிவண்ணன் பங்கு. உப்புத் தண்ணீர் பட்ட எதையும் உடனே நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று இவர்களுக்குக் கை பழகியிருக்கிறது. படகு எஞ்சினை நாள்தோறும் அப்படித்தான் கழுவுகிறார்கள். பெட்டி விலை உயர்ந்ததாயிருக்கும் என்று பட்டதால் மணிவண்ணன் அதைத் திறந்து, உள்ளே இருந்த பலகைகளையெல்லாம் கழற்றி, நல்ல தண்ணீர் டிரம்மில் இரண்டு நாள் போட்டு வைத்திருக்கிறான். பிறகு வெயிலில் காயவைத்துத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தான். அவ்வளவு அக்கறை. கோபிக்கவும் முடியவில்லை. ஒரு திருகாணிகூடக் குறையவில்லை.

இது எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். இருநூறு மைலுக்கு அப்பாலும் நம் தரை இருக்கிறது என்று நிரூபிக்க என்றேன். அவ்வளவு தூரம் நம்முடையது என்றால் எங்களை மட்டும் ஏன் அங்கே போகாதே இங்கே போகாதே என்கிறார்கள் என்று அய்யனார் கேட்டான். இது தரைக்கு மட்டும்தான், மேலே உள்ள தண்ணீருக்கும் மீனுக்கும் இல்லை என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். ‘அப்ப தரை கவர்மெண்டுக்கு, மேல மிதக்கறது எங்களுக்கு. நாங்க பங்கு போட்டது கரெக்டுதானேங்க’ என்றான். உங்கள் ஆபீசில் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் இதற்குப் பதில் கேட்டு எழுது.

முத்திரை போட்ட நன்றிக் கடிதம் ஒன்று ஊர்ப் பெயருக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அதை மறந்துவிடாதே.

பெட்டி வந்தால் உன் மேல் தவறில்லை என்று தெரிந்துவிடும் என்று அம்மா நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உருண்டை மேலே வந்திருக்கிறது என்பதே நல்ல செய்திதானே. எப்போது வந்தது என்பதை அந்தக் கறுப்புப் பெட்டி சொல்லட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கப்பலில் மூன்று நாள் வாந்தி என்று எழுதியிருந்தாயே, அதற்கு அம்மா நாரத்தங்காய் உப்பில் போட்டு வைத்திருக்கிறாள். பலராமன் கஞ்சி வைத்துக் கொடுத்து ஊறுகாயும் கொடுத்தார் என்று படித்ததிலிருந்து, அந்த மனுஷருக்கும் ஒரு பாட்டில் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா

மரக்காணம்,
22.4.2006

அன்பு மகளுக்கு,

உன் ஐந்தாம் தேதிக் கடிதமும் அதற்கு முன் போனில் சொன்ன சந்தோஷச் செய்தியும் வந்து சேர்ந்தன. இரண்டு வருஷத்துக்கு கான்ட்ராக்ட் நீட்டித்துவிட்டார்கள் என்றதும் உன் அம்மா பூமீசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். முழங்கால் வலியோடு நடந்தே போனாள். அனுமந்தைக்கு நன்றிக் கடிதம் வந்துவிட்டது. முத்திரை வட்டமாக இல்லாமல் நீட்டமாக இருக்கிறதே, இது செல்லுமா என்று அய்யனார் கொண்டுவந்து காட்டினான். செல்லும் என்றேன்.

போன வாரம் திடீர் மழை. வாரி அம்பாரம் போட்டிருந்த உப்பைக் கீற்று போட்டு மூடிவிட்டோம், பாத்தியில் இருந்தது கரைந்து போயிற்று. இனி பத்து நாளாவது காய வேண்டும். தேர்தல்காரர்கள் உப்பளத்து மோட்டார் கொட்டகையையும் விடவில்லை, ஒரு சுவரில் ஒரு சின்னம், மறு சுவரில் இன்னொரு சின்னம். பஞ்சநாதன் இரண்டு பக்கமும் போய் டீ குடிக்கிறார்.

கிளியனூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் மின்வாரியத்தில் இருக்கிறான். பெண்ணுக்கு வேலை நிலையாகிவிட்டது என்று கேள்விப்பட்டு அவர்களே ஆள் அனுப்பினார்கள். அம்மா ஜாதகத்தை எடுத்து வைத்துவிட்டாள். உன்னைக் கேட்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

கறுப்புப் பெட்டி செத்துவிட்டது, அதிலிருந்து ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அடுத்த வருஷம் மறுபடி கப்பல் போக வேண்டியிருக்கும். எப்போது மேலே வந்தது என்று தெரியாததால் நங்கூரக் கட்டு சரியில்லாமல் அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்து பிறகு எப்போதோ அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். பதிவேட்டில் நீ எழுதியது சரியாக இருந்ததால் தவறு பலராமன் பக்கம் போய்விட்டது. அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் போகும்போது யாரோடும் சண்டை போடவில்லை, ‘நான் சரியாத்தான் கட்டினேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். பாவமாக இருந்தது என்றும் எழுதியிருந்தாய்.

இனி எழுதப்போவதைத் தனியாக இருக்கும்போது படி.

செவ்வாய்க்கிழமை காலையில் சகாயசெல்வி உப்பளத்துக்கு வந்தாள். அந்தோணியம்மாளைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தாள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று சிலுவைப்பாதை சொல்ல ஜெபப் புத்தகத்தைத் திறந்தாளாம், உள்ளே ஒரு சீட்டு இருந்ததாம். அவள் பங்குக்கு வந்த கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது. மாதா முகத்தை மறைக்கிறதே என்று அன்றைக்கே உரித்திருக்கிறாள். எழுதின காகிதத்தைக் கீழே போட்டு மிதிக்கக் கூடாது என்று புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறாள். ‘எங்க வீட்டுக்காரரு நல்ல தேதி ஏதோ எழுதியிருக்குதுன்னாரு. கவர்மெண்டு காகிதம் எங்ககிட்ட தங்கக் கூடாதுங்க’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உள்ளங்கை அளவு சீட்டு. மேலே 17. அதன் கீழே, கிளம்பும் நேரம் என்று இங்கிலீஷில் போட்டு, 14-2-06, 12.00. அதன் கீழே உன் பெயரின் முதல் எழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு போடுவது நம் வீட்டில் நீ ஒருத்திதான்.

நான் உப்பளத்துக்காரன். ஆனால் நீ பொங்கலுக்குச் சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. கப்பலில் கருவிகளுக்கெல்லாம் லண்டன் நேரம், நம் கடிகாரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம், அதனால் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுகூடக் குழப்பமாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நம்முடைய பகல் பன்னிரண்டு என்றால் உருண்டைக்கு ஆறரை. பதிவேட்டில் ஆறரை என்றுதான் எழுதியிருக்கிறாய். உருண்டைக்குள் பதிந்த பிறகு, பதிந்ததைப் பார்த்து எழுதி ஒட்டுகிற சீட்டு இது என்று நீதான் சொன்னாய். அதில் பன்னிரண்டு இருக்கிறது. அப்படியென்றால் உருண்டை லண்டன் கணக்கில் பன்னிரண்டுக்குக் கிளம்பியிருக்கிறது. நமக்கு அது மாலை ஐந்தரை. கப்பல் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அது மேலே வந்து பார்த்தபோது கடலில் யாரும் இல்லை.

நங்கூரம் சரியாகத்தான் கட்டியிருந்தது, பாப்பா.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று இரண்டு நாள் நினைத்துப் பார்த்தேன். காகிதத்தில் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது.

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து மறைக்கிறவள் பன்னிரண்டு என்று எழுதித் தன் பெயரையும் போட்டு உள்ளே ஒட்ட மாட்டாள். மூன்று நாள் வாந்தி எடுத்துக் கிடந்து, எழுந்த அன்றே வேலைக்கு உட்கார்ந்திருக்கிறாய். உடம்பு அந்த நிலையில் இருக்கும்போது யாருக்கும் நேரும். உனக்கு இது தெரியவே தெரியாது. இந்தக் கடிதத்தைப் பிரிக்கிற வரைக்கும்தான் தெரியாது. அதனால்தான் இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, கழிமுகப் பக்கம் நடந்து போய்த் தண்ணீர் ஓரத்தில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கறுப்புப் பெட்டி செத்துவிட்டது. சகாயசெல்விக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் சீட்டின் அர்த்தம் தெரியாது. உன் அம்மாவுக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. கிளியனூர்க்காரர்கள் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவையும் நினைத்துக்கொண்டுதான் நின்றேன். உன்னைப் படிக்கவைத்தது இந்த உப்பில்தான். வெயிலில் நின்றதெல்லாம் இந்த வேலைக்காகத்தான் என்றும் நினைத்தேன். எனக்கு உன்மேல் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிறகு திரும்பி வந்துவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. சீட்டில் இருப்பது உன் கையெழுத்து. உன்னுடையதை நான் கிழிக்கக் கூடாது என்று பட்டது.

பலராமனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாவது எழுதுகிறாள் என்று நீதான் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். அவருடைய விலாசம் உங்கள் ஆபீசில் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா அவருக்கென்று எடுத்து வைத்த நாரத்தங்காய் பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஏன் அனுப்பவில்லை என்று தினமும் கேட்கிறாள். என்ன விலாசம் எழுதுவது என்று தெரியாமல் நான்தான் நாளைக் கடத்துகிறேன்.

இப்படிச் செய், அப்படிச் செய் என்று நான் எழுதப்போவதில்லை. இந்தச் சீட்டை ஆபீசில் கொடுத்தால் உன் வேலை போகலாம். வரனும் போகலாம். வேலை போய் வீட்டுக்கு வந்தால் ஊர் நாலு விதமாகப் பேசும், நான் பார்த்துக்கொள்கிறேன். கொடுக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் வாயிலிருந்து இது பற்றி ஒரு வார்த்தை வராது, நீ வீட்டுக்கு வரும்போது என் முகத்திலும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.

சீட்டை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

உனக்குப் படிப்பு வர வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும் என்று இதுவரை எவ்வளவோ வேண்டிக்கொண்டேன். இனி அதையெல்லாம் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். நீ படுத்தால் உனக்குத் தூக்கம் வர வேண்டும். நான் இனி அதை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
கலியமூர்த்தி